மலை நிழலில் மாம்பூ

அடி அண்ணாமலைக்கு வெயில் தாமதமாகத்தான் வருகிறது. ஊர் மலைக்கு மேற்கே இருக்கிறது. கிழக்கு அடிவாரத்தில் பெரிய கோயில் கோபுரங்களில் வெயில் ஏறிய பிறகும் இங்கே ஆதி அருணாசலேசுவரர் கோயில் மதில் நிழலுக்குள்ளேயே நிற்கும். தை மாதத்தில் சூரியன் தென்கிழக்காகச் சாய்ந்து எழுகிறது. அந்தத் திசையை அடைத்துக்கொண்டு 814 மீட்டர் உயரத்தில் அண்ணாமலை. உதயம் 6.40 வாக்கில் என்றால், ஊருக்குப் பின்னால் இருக்கிற மாந்தோப்பில் வெயில் விழ மேற்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. கிரிவலம் வருகிறவர்களுக்கு அது சுகமான நிழல். மாம்பூவுக்கு அப்படி இல்லை.

"பனியில பூ கருகிடுச்சு." தை பிறந்தால் இந்தப் பக்கத்து மா விவசாயிகள் எல்லோரும் சொல்வது இது. மருந்துக் கடையில் சொல்வார்கள், டீக்கடையில் சொல்வார்கள், குத்தகை பேச வந்த வியாபாரியிடம் சொல்வார்கள். வியாபாரியும் அதையே சொல்லி விலையைக் குறைப்பார். கருக்குவது பனிதானா என்று மரத்தடியில் நின்று பார்த்துவிட வேண்டும் என்றுதான் விடியலுக்கு முன்பே வந்திருந்தேன்.

மாணிக்கவாசகர் கோயிலைத் தாண்டிக் கிரிவலப் பாதையிலிருந்து பிரிகிற மண் தடம். திருவெம்பாவை பாடப்பட்ட இடம் அந்தக் கோயில் என்பது ஊர் நம்பிக்கை. மார்கழி விடியலைப் பாடிய ஊரில் தை விடியலின் குளிரை உணர்வது பொருத்தம்தான். தோப்புக்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றிருந்தார். அறுபது வயது தாண்டியவர்.

"வாங்க சார். ஓரமா வாங்க, வரப்பு வழுக்கும். இன்னைக்குப் பனி கொஞ்சம் பரவாயில்ல. போன வாரம் வந்திருக்கணும் நீங்க."

பரவாயில்லை என்று அவர் சொன்ன பனியிலேயே என் கால்சட்டை முழங்கால் வரை நனைந்துவிட்டது. தோப்புக்குள் நுழைந்ததும் தூறல் போடுவது போலச் சத்தம். அண்ணாந்து பார்த்தால் வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிவாக இருக்கிறது. இலை நுனிகளில் திரண்ட பனி கீழ் இலைகளில் சொட்டுகிற சத்தம்தான் அது. கையோடு கொண்டுபோன வெப்பமானி 19 டிகிரி காட்டியது.

"பெங்களூரா, நீலம். நடுவுல நாலு மரம் பங்கனப்பள்ளி. எல்லாம் எங்கப்பா வெச்சது" என்றார். மரங்கள் வயதானவை. ஒன்றின் கிளை அடுத்ததன் கிளைக்குள் புகுந்து கூரை வேய்ந்தது போலக் கிடக்கின்றன. பூ நன்றாகவே பிடித்திருக்கிறது. ஆனால் உள்பக்கக் கிளைகளில் பல பூங்கொத்துகள் பழுப்பேறித் தொங்குகின்றன. ஒன்றைத் தொட்டேன், பூக்கள் பொலபொலவென்று உள்ளங்கையில் உதிர்ந்தன.

"பாத்தீங்களா? தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? மச்சையே துளைக்கிறது பூவை விட்டுவைக்குமா? டிவியில காட்டுறாங்களே, ஊட்டியில புல்லெல்லாம் உப்பு கொட்டுன மாதிரி... அதே பனிதானே சார் இது?"

பாதி சரி, பாதி தப்பு. பிறக்கிற விதம் இரண்டுக்கும் ஒன்றுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்துவிட்டது. இரவில் காற்று அசைவதில்லை. பகலில் வாங்கிய சூட்டை நிலமும் இலையும் இரவெல்லாம் வானத்துக்குத் திருப்பி விட்டுக்கொண்டே இருக்கும். தடுக்க மேகம் இல்லை. இலை தன்னைச் சுற்றியிருக்கிற காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். மழை விட்டுச் சென்ற ஈரம் அதன் மேல் நீராகப் படியும். தரையை ஒட்டிய குளிர்காற்று கனமானது. சரிவிலிருந்து அது மெல்ல இறங்கிப் பள்ளத்தில் போய்த் தங்கும். நீலகிரியில் தலைகுந்தா போன்ற பள்ளத்துப் புல்வெளிகள் வெளுத்துக் கிடக்கும்போது மேட்டுச் சரிவுகள் தப்பிப்பது இதனால்தான். அண்ணாமலையின் குளிர்காற்றுக்கும் போக்கிடம் அடிவாரம்தான்.

வித்தியாசம் பூஜ்ஜியக் கோட்டில் இருக்கிறது. ஊட்டியில் இலையின் சூடு உறைநிலைக்குக் கீழே போகிறது; இலைக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகிச் செல்களைச் சிதைக்கிறது. வெயில் பட்டதும் தேயிலைக் கொழுந்து வெந்தது போலக் கறுத்துவிடும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச்செடிகளை மிலார் செடி கொண்டு மூடி வைப்பார்கள், புல்தரைக்கு அதிகாலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அடி அண்ணாமலையில் எந்தத் தையிலும் நீர் உறையாது. இங்கே மாம்பூ உறைந்து சாகவில்லை.

பழமரத்துக்கு உறைபனி என்றால் என்ன என்பதைப் பார்க்க இன்னும் வடக்கே போக வேண்டும். ஆப்பிள் மரம் இலை உதிர்த்து உறங்கும்போது கடும் குளிரையும் தாங்கும். மொட்டு விழித்துப் பூ விரிந்துவிட்டால் அந்தத் திடம் போய்விடும். முழுப் பூவில் இருக்கும்போது மைனஸ் 2 டிகிரியை ஒட்டி அரை மணி நேரம் நின்றால் பத்தில் ஒரு பூ போகும். மைனஸ் 4 என்றால் பத்துக்கு ஒன்பது. அதாவது இரண்டு டிகிரிக்குள் ஒரு வருட வருமானம். 2021 ஏப்ரலில் பிரான்சில் இதுதான் நடந்தது. அதற்கு முன் சில நாட்கள் நல்ல வெயில் அடித்துத் தளிரும் பூவும் சீக்கிரமே வந்துவிட்டன. பிறகு உறைபனி இறங்கியது. ஷாப்லி வட்டாரத்தில் திராட்சை வரிசைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தார்கள். படங்களைப் பார்த்தால் கார்த்திகை தீபம் என்றே தோன்றும். அவ்வளவு செய்தும் திராட்சையும் பழத்தோட்டங்களும் பெரும் சேதம் கண்டன. அரசு அதை விவசாயப் பேரிடராக அறிவித்தது.

இவற்றையெல்லாம் தோப்புக்காரரிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன். மெழுகு வாளி அவருக்குச் சிரிப்பாக இருந்தது. ஜப்பானில் ஷிசுவோகா பக்கம் தேயிலைத் தோட்டங்களில் கம்பம் நட்டு உச்சியில் மின்விசிறி வைத்திருக்கிறார்கள் என்றதும் நின்றுவிட்டார்.

"குளிருக்கு ஃபேனா?"

ஆமாம். தரையில் குளிர் தேங்கும் இரவில் ஆறேழு மீட்டர் மேலே காற்று சில டிகிரி சூடாக இருக்கும். விசிறி அந்தச் சூட்டைக் கீழே தள்ளுகிறது. தண்ணீர் தெளிப்பதும் அதே போலத் தலைகீழாகத் தோன்றும் வைத்தியம்தான். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் பூவை உறைநிலையிலேயே பிடித்து நிறுத்தும். ஆனால் தொடங்கினால் பனிக்கட்டி தானாக உருகும் வரை நிறுத்தக் கூடாது. பாதியில் மோட்டார் நின்றால் தெளிக்காமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். நம் ஊர் மின்சாரத்தை நினைத்துக்கொண்டேன்.

"அப்ப நானும் ஒரு தண்ணி கட்டிவிடலாமா?" என்று கேட்டார். கூடவே கூடாது. குளிர் இரவுக்கு முன் நிலத்தை நனைத்து வைப்பது உறைபனி நாட்டு வழக்கம். ஈர மண் சூட்டைப் பிடித்து வைக்கும். பூவெடுக்கிற மாமரத்துக்கோ தண்ணீரை நிறுத்தி வைப்பதுதான் முறை. பிஞ்சு நிற்பதற்கு முன் தண்ணீர் விட்டால் மரம் பூவை மறந்து துளிர் விடப் போய்விடும். மழை மார்கழிவரை இழுத்த வருடங்களில் இது எல்லாத் தோப்பிலும் தெரியும்: மரம் நிறையச் செந்துளிர், கொத்து மட்டும் இருக்காது.

மாமரத்துக்கு நிஜமாகவே உறைபனி காட்டுகிற இடம் பஞ்சாப். அங்கே இளங்கன்றுகளுக்குக் குளிர்காலம் முழுவதும் வைக்கோலும் நாணலும் கொண்டு கூண்டு கட்டுகிறார்கள். கட்டும்போது தென்கிழக்குப் பக்கத்தை மட்டும் திறந்து விடுவார்கள், குளிர்கால வெயில் உள்ளே வர. அடி அண்ணாமலையில் அந்தத் தென்கிழக்கைத்தான் மலை மூடிக்கொண்டிருக்கிறது.

சரி, உறைபனி இல்லை என்றால் உதிர்ந்த பூவுக்கு யார் பதில் சொல்வது? வெளிச்சம் வந்துவிட்டது. பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

முதல் மரத்தில் கொத்தை நெருங்கியதுமே சடசடவென்று சத்தம். முகத்தில் ஏதோ தெறித்தது. தத்துப்பூச்சி. கோதுமை மணியைவிடச் சிறியது. ஆப்பு வடிவ உடம்பு. நடக்கும்போது பக்கவாட்டில் நகரும், கை நீட்டினால் தாவிவிடும். பூத்தண்டில் வரிசையாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அடி இலைகள் எண்ணெய் தேய்த்தது போல மின்னின. விரலை வைத்தால் ஒட்டுகிறது. பூச்சி கழிக்கிற இனிப்புக் கழிவு அது. அதன் மேல்தான் கரும்பூசணம் படர்ந்து இலையும் கொத்தும் கரி பூசியது போல ஆகிவிடும். தோப்புக்காரர் மரத்தண்டின் பட்டை ஒன்றைக் கத்தியால் நெம்பிக் காட்டினார். வெடிப்புக்குள் நாலைந்து பூச்சிகள். பூ இல்லாத மாதங்களிலும் இவை எங்கும் போவதில்லை. பட்டை இடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. நிழலும் ஈரமும் உள்ள தோப்பு இவற்றுக்குச் சொந்த வீடு.

இரண்டாவது வரிசையில் வேறு கதை. கொத்துத் தண்டில் திருநீறு பூசியது போல வெள்ளை. சாம்பல் நோய். விரலால் தடவினால் பொடி வருகிறது. இந்தப் பூசணம் பரவச் சொட்டச் சொட்ட ஈரம்கூடத் தேவையில்லை. இரவுக் குளிரும் மூட்டமான காலையும் போதும். பூ விரியாமலே காய்ந்து கொட்டும்.

உள்ளே, கிளைகள் கூரை வேய்ந்த நடுப்பகுதியில்தான் அந்தப் பழுப்புக் கொத்துகள் அதிகம். கண்ணாடி வைத்துப் பார்த்தால் தண்டிலும் பூவிலும் குண்டூசி முனையளவு கரும்புள்ளிகள். சில இடங்களில் புள்ளிகள் ஒன்று சேர்ந்து தண்டையே வளைத்துக் கறுத்திருந்தன. இது பூங்கருகல், ஆந்த்ராக்னோஸ் பூசணத்தின் வேலை. இதற்குத்தான் ஈரம் வேண்டும், அதுவும் நீண்ட நேரம் தங்குகிற ஈரம். பக்கத்திலேயே போன வருடத்துக் காய்ந்த குச்சிகள் மரத்தில் அப்படியே தொங்குகின்றன. நோய் வருடம் முழுவதும் தங்கியிருப்பது அவற்றில்தான்.

வெயில் வர ஆரம்பித்தது. மலையின் நிழல் விலகும் கோடு தோப்பின் மேற்கிலிருந்து நம்மை நோக்கி வருவது கண்ணுக்குத் தெரிகிறது. ஓர வரிசை மரங்களில் வெயில் பட்ட கொஞ்ச நேரத்தில் கொத்துகள் உலர்ந்து ஈக்கள் மொய்க்கத் தொடங்கின. மாம்பூவுக்கு மகரந்தம் கடத்துவதில் தேனீயைவிட ஈக்களுக்கே பங்கு அதிகம். நனைந்த பூவில் அவை வேலை செய்வதில்லை. நடு வரிசைக்கு வந்து ஒரு கொத்தைப் பிடித்தேன். ஓரத்தில் எல்லாம் காய்ந்த பிறகும் இங்கே கை நனைகிறது. மலை தாமதப்படுத்தியது ஒரு மணி நேரம். அதற்கு மேல் நெருங்கிப்போன கிளைகள் சேர்த்துக்கொண்டது இன்னொன்று. மலையை யாரும் நகர்த்த முடியாது. கிளையை வெட்டலாம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வதும் அதைத்தான். வயதான மரங்களில் ஒன்றன் மேல் ஒன்று படர்ந்த கிளை, நோய்பட்டது, காய்ந்தது, நோஞ்சான் கிளை எல்லாவற்றையும் எடுத்து வெளிச்சமும் காற்றும் போகவிட வேண்டும்; உள்கிளைகளை மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஆகஸ்ட், செப்டம்பரில் கவாத்து செய்ய வேண்டும். அப்படி வெளிச்சம் புகுந்த தோப்பில் பிறகு அடிக்கிற மருந்துக்கும் வேலை குறைவு. கொத்து தலைகாட்டும்போது தத்துப்பூச்சிக்கு ஒரு தெளிப்பு, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. எண்ணிக்கை குறைவாக இருந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயிலேயே தொடங்கலாம். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், அல்லது நுண்ணிய கந்தகத் தூளைக் காலையில் தூவுவது. பூங்கருகலுக்கு அக்டோபரிலேயே சூடோமோனாஸ் லிட்டருக்கு 5 கிராம் வீதம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தெளிக்கத் தொடங்க வேண்டும். பூ முழுதாக விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து கூடாது. தத்துப்பூச்சியோடு ஈயும் தேனீயும் சேர்ந்து சாகும், பிறகு பிஞ்சு எங்கிருந்து வரும்? இந்தத் தோப்பில் சென்ற தையில் முழுப் பூவில்தான் மருந்து அடித்திருக்கிறார்கள்.

புகை மூட்டம் பற்றியும் கேட்டேன். சருகைக் கூட்டி ஓரத்தில் கொளுத்துகிற பழக்கம் அவர் அப்பா காலத்தில் இருந்ததாம், பனி விலக என்று. புகை பனியை விலக்காது. உறைபனி நாட்டிலும் சூடுதான் காப்பாற்றும், புகை அல்ல என்று தெரிந்துவிட்டது. ஆனால் பிலிப்பைன்ஸ்காரர்கள் மாமரத்தடியில் நாள்கணக்கில் புகை போட்டது பூவைக் காப்பாற்ற அல்ல, பூவை வரவழைக்க. அந்த வேலையைப் பொட்டாசியம் நைட்ரேட் தெளித்தே செய்யலாம் என்று ரமோன் பார்பா என்கிற அவர்களுடைய விஞ்ஞானி 1970களில் கண்டுபிடித்தார். பிப்ரவரி வரை பூக்காத மரத்துக்கு ஒரு சதவீதக் கரைசல் அடி என்று நம் வேளாண் அலுவலர் சொல்கிறாரே, அதன் பூர்வீகம் அங்கேதான். சருகைக் கொளுத்துவதைவிட மரத்தடியில் மட்க விடுவது நல்லது. நோய்பட்ட குச்சிகளை மட்டும் தோப்புக்கு வெளியே கொண்டுபோய் எரித்தால் போதும்.

"இதெல்லாம் எனக்குத் தெரியாததா சார்?" என்றார் தோப்புக்காரர், கொஞ்சம் கோபமாகவே. "வெட்டினா அடுத்த வருசம் காய் கொறையும். குத்தகைக்காரன் வெட்ட விடுவானா? அவனுக்கு இந்த ஒரு வருசக் காய்தான். நான் வெட்டலாம்னா கூலி யார் தர்றது? குத்தகைப் பணம் வந்ததும் செலவாயிடுது."

காலையிலிருந்து கேட்டவற்றில் இதுதான் விஷயம். பூவைப் பார்த்துக் குத்தகை பேசுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். பேசிய நாளிலிருந்து காய் இறங்கும்வரை தோப்பு வியாபாரியின் கையில். அவர் போட்ட பணத்துக்குப் பயந்து பூவில் மருந்தாக அடிப்பார். கிளையைத் தொட மாட்டார். காய் இறங்கியதும் தோப்பு திரும்பி வரும்போது உடையவருக்கு மரத்தில் அக்கறை இருக்கும், கையில் காசு இருக்காது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் தோப்பு இருவருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. அந்த மாதங்களில் செய்யாத வேலைக்குத் தை மாதத்தில் பனி மேல் பழி விழுகிறது. கிரிவலப் பாதையை ஒட்டிய நிலங்களின் விலையும் இதில் சேர்த்தி. மனையாகப் போனால் இத்தனை என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்ட தோப்பில் கவாத்துக் கத்தி எங்கே ஏறும்?

பனிக்கும் குற்றம் உண்டு, முழுசாக விடுதலை கொடுக்கவில்லை. அது பூச்சிக்கும் பூசணத்துக்கும் நேரம் கொடுக்கிறது, ஈக்களைத் தாமதப்படுத்துகிறது. ஒன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஒரு மாங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூக்கள், பெரும்பாலானவை ஆண் பூ, எவ்வளவு நல்ல வருடத்திலும் நூற்றுக்கு ஒன்றுகூடக் காயாக நிற்காது. கீழே உதிர்ந்து கிடக்கிற பூவையெல்லாம் நஷ்டக் கணக்கில் எழுதக் கூடாது.

அடி அண்ணாமலைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல எனக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. பூ கருகினால் பழுப்பேறிய கொத்தையும் பச்சைக் கொத்தையும் ஒடித்து எடுத்துக்கொண்டு வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரிக்கோ கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள். வெறும் கையோடு மருந்துக் கடையில் போய் நின்று "பனிக்கு ஒரு மருந்து கொடு" என்று கேட்காதீர்கள். அடுத்த முறை குத்தகை எழுதும்போது ஒரு வருடத்துக்கு எழுதாதீர்கள், மூன்று வருடத்துக்கு எழுதுங்கள். முதல் வருடக் காய் இறங்கியதும் கவாத்து, அதன் கூலியில் பாதி குத்தகைக்காரருடையது, முழுப் பூவில் பூச்சிமருந்து இல்லை என்பதையும் அந்தப் பத்திரத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.